காத்திருக்கச் சொன்ன கடிதம்

கிறிஸ்தவ வாழ்க்கை ஒரு நெடுந்தூர ஓட்டம் என்ற பிரசங்கத்தைக் கேட்காத கிறிஸ்தவர் மூணாறு மலையிலும் இருக்க மாட்டார், பாலக்காட்டின் கிழக்கு எல்லையிலும் இருக்க மாட்டார். ஆண்டின் கடைசி இரவு ஆராதனையில் அது வரும். வாலிபர் முகாமில் வரும். கன்வென்ஷன் பந்தலில் வரும். அடக்க ஆராதனையில் தவறாமல் வரும். தேவிகுளம் வட்டாரத்துத் தோட்டச் சபைகளிலும், கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்துக் கோயில்களிலும் ஏறத்தாழ ஒரே செய்திதான். இது நூறு மீட்டர் ஓட்டமல்ல, மாரத்தான். உன் தடத்தில் நீ ஓடு. பக்கத்தில் பார்க்காதே. மூச்சு முட்டினாலும் நிற்காதே. முடித்தவனுக்கே கிரீடம்.

இதைச் சொல்பவர்கள் தீய எண்ணத்தில் சொல்லவில்லை. பவுல் பந்தயத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். எபிரெயருக்கு எழுதிய நிருபத்திலும் ஓட்டம் இருக்கிறது. சாவை எதிர்பார்த்து நிற்கும் இரண்டாம் தீமோத்தேயுவிலும் இருக்கிறது. நாலு நாள் பொங்கி ஐந்தாம் நாள் அடங்கிவிடும் பக்தியைக் கண்டு சலித்த போதகர்கள், நின்று நிலைக்கும் பக்தியைச் சபைக்குக் கற்றுக்கொடுக்க இந்த உருவகத்தைக் கையில் எடுக்கிறார்கள். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் அவர்கள் பிரசங்கிக்கும் ஓட்டம் வேதத்தில் இல்லை. நிஜமான ஓட்டக்காரர்கள் ஓடும் ஓட்டமும் அது இல்லை. தேயிலைக் காட்டில் அந்தப் பிரசங்கம் செய்யும் வேலை ஒன்றுதான்: களைத்துப்போனவர்களின் தலையிலேயே களைப்புக்கான பழியையும் ஏற்றிவைக்கிறது. இந்த மூன்றையும் காட்டத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், இந்தப் பிரசங்கம் யார் காதில் விழுகிறது என்று பார்ப்போம். மூணாறு, தேவிகுளம், பீர்மேடு தோட்டங்களில் தமிழ்ச் சபைகளின் பெஞ்சுகளை நிரப்புவோர், போடிநாயக்கனூர் வழியாகவும் குமுளி வழியாகவும் கங்காணிகளின் பின்னால் மலையேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பக்கத்து ஊர்களிலிருந்து முன்பணக் கடனைத் தலையில் சுமந்து வந்த குடும்பங்கள் அவை. அதிகாலையில் எழுந்து சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, பனியில் நனைந்த தேயிலை நிரைக்குள் இறங்கும் பெண்ணுக்கு ஓட்டத்தைப் பற்றிப் புதிதாகக் கற்றுக்கொடுக்க எதுவுமில்லை. அவள் நாள் முழுவதும் ஒரு கணக்கைத் துரத்துகிறாள். எத்தனை கிலோ கொழுந்து என்று தராசு சொல்லும்வரை அவளுக்கு அன்றைய கூலி உறுதியில்லை.

2015-ல் அந்தக் கணக்கு ஒரு நாளைக்கு 21 கிலோ; கூலி 232 ரூபாய். 20 சதவீதமாக இருந்த போனஸ் பாதியாகக் குறைக்கப்பட்டபோது, செப்டம்பர் மாதம் மூணாறு வீதியில் ஆயிரக்கணக்கான பெண்கள் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையும் தள்ளி நிற்கச் சொன்னார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று நாடே அந்தப் போராட்டத்தை அறிந்தது. போனஸ் குறைப்பு கைவிடப்பட்டது. அடுத்த மாதம் கூலி 301 ரூபாய் ஆனது. கூடவே பறிக்கவேண்டிய கொழுந்தின் அளவும் 25 கிலோவாக ஏறியது. இலக்குக் கோடு ஓடுகிறவளை விட்டு விலகி விலகிப் போவதுதான் இந்தப் பந்தயத்தின் சட்டம். வேலைக்காலம் முடிந்து ஓய்வு பெறும் நாளில் கிடைப்பது கிரீடமல்ல, தோட்டம் தந்த லயத்து வீட்டைக் காலிசெய்யும் கவலை. அந்த ஒரு வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளவே பெற்றவளின் இடத்தில் பிள்ளை வேலைக்குச் சேரும் குடும்பங்கள் எத்தனை!

இந்தப் பெண்ணிடம் போய், நிற்காதே, பக்கத்தில் பார்க்காதே, உன் ஓட்டத்தை நீ ஓடு என்று சொன்னால் அவளுக்கு என்ன கேட்கும்? தோட்டத்தில் ஆறு நாளும் கேட்கிற அதே குரல்தான் ஏழாம் நாளும் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்றை ஆண்டவர் எதற்குக் கொடுத்தாரோ அதையே இந்தப் பிரசங்கம் பறித்துக்கொள்கிறது. எகிப்தில் செங்கல் கணக்குக்கு ஓடிக்கொண்டிருந்த அடிமைகளுக்குக் கடவுள் தந்த பெரிய பரிசுகளில் ஒன்று, நிற்கலாம் என்ற கட்டளை.

இன்னொரு கேடும் இருக்கிறது. மாரத்தானில் பின்தங்கியவரைப் பார்த்து நாம் கேட்கும் கேள்வி, அவர் கால்களில் என்ன குறை என்பதுதான். அதே கேள்வி சபைக்குள் நுழைந்துவிட்டது. ஜெபக்கூட்டத்துக்கு வராதவளைப் பற்றி, பின்வாங்கிப்போனாள் என்ற சொல் சுலபமாக விழுகிறது. அவளுக்கு மூட்டு வலியா, வீட்டில் அடியா, கடன்காரன் வாசலில் நிற்கிறானா, மனம் இருண்டு கிடக்கிறதா என்று போய்ப் பார்ப்பதற்கு முன்னே விசுவாசக் குறைவு என்று முடிவு எழுதியாகிவிடுகிறது. 'தன் கையே தனக்குதவி' என்ற பழமொழிக்கு வேத வசனத்தின் உடுப்பைப் போர்த்தி விட்டிருக்கிறோம்.

இனி வேதத்துக்கு வருவோம். ஓட்டப் பிரசங்கத்தின் தாய் வீடு முதலாம் கொரிந்தியர் ஒன்பதாம் அதிகாரம். பிரசங்கியார்கள் அதை இருபத்துநாலாம் வசனத்தில் திறக்கிறார்கள். முதல் வசனத்திலிருந்து திறந்தால் பிரசங்கமே வேறாகிவிடும். அந்த அதிகாரம் கூலியைப் பற்றியது. சொந்தச் செலவில் எவன் போர்ச் சேவகம் செய்வான், திராட்சத் தோட்டம் போட்டவன் அதன் கனியைத் தின்னாமல் இருப்பானா, மந்தையை மேய்க்கிறவனுக்கு அதன் பால் இல்லையா என்று பவுல் அடுக்கிக்கொண்டே போகிறார். போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டக்கூடாது என்ற மோசேயின் சட்டத்தை நினைவூட்டுகிறார். வேலை செய்தவனுக்கு விளைச்சலில் பங்கு உண்டு என்று நிலைநாட்டிய பிறகுதான், அந்த உரிமையை, தன் உரிமையை, தானாகவே விட்டுக்கொடுப்பதாகச் சொல்கிறார். எதற்காக? எட்டாம் அதிகாரத்தில் வரும் பலவீனமான சகோதரன் இடறிவிடக்கூடாது என்பதற்காக. ஓட்டக்காரனின் இச்சையடக்கம் இந்த இடத்தில்தான் வருகிறது. உரிமை உள்ளவன், பலம் உள்ளவன், பலவீனனுக்காகத் தன்னை அடக்குவதே அங்கே ஓட்டம். கொழுந்து பறிக்கிறவளைப் பார்த்து உன் உரிமையை விட்டுவிட்டு ஓடு என்று சொல்ல இந்த அதிகாரத்தில் ஒரு எழுத்துகூட இல்லை. தேயிலைத் தோட்டம் போட்டவளுக்கு அதன் பலனில் பங்கு உண்டு என்பதற்கு ஏழு வசனம் இருக்கிறது.

பவுல் இதை எழுதிய கொரிந்துவுக்கு அருகில்தான் இஸ்த்மிய விளையாட்டுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடந்தன. வென்றவனுக்குத் தழையால் பின்னிய கிரீடம்; பைன் தழையோ காய்ந்த செலரித் தழையோ. கிரேக்கப் பெருவிளையாட்டுகளில் போட்டியிட அடிமைகளுக்கு உரிமை கிடையாது. ஆனால் கொரிந்துச் சபையில் அடிமைகள் இருந்தார்கள். அவர்களைப் பெயர் சொல்லாமல் அழைத்து ஏழாம் அதிகாரத்தில் பவுல் பேசுகிறார். மைதானத்துக்குள் கால் வைக்க முடியாதவர்கள் நிறைந்த சபைக்கு எழுதும் ஒருவர், பந்தயத்தையே சபையின் முழு இலக்கணமாக வைத்திருக்க முடியுமா?

வைக்கவில்லை. இரண்டே அதிகாரம் தள்ளிப் பாருங்கள். பதினோராம் அதிகாரத்தில், கர்த்தருடைய பந்திக்கு முந்தி வந்தவர்கள் முந்திச் சாப்பிட்டுவிடுகிறார்கள். ஒருவன் பசியோடு நிற்க, இன்னொருவன் குடித்து வெறித்திருக்கிறான். முந்தி வர முடிந்தவர்கள் வசதியுள்ளவர்கள்; எஜமானின் வேலை முடித்துப் பிந்தி வருகிறவர்கள் அடிமைகளும் கூலிகளும் என்பதே வேத அறிஞர் பலரின் விளக்கம். பவுல் கொதித்துப் போகிறார். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்கள், தேவனுடைய சபையை அவமதிக்கிறீர்கள் என்று கண்டிக்கிறார். பிறகு அவர் தரும் கட்டளை, ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டும் என்பது. அதற்கடுத்த அதிகாரத்தில் சபைக்கு அவர் தரும் பெரிய உருவகம் ஓட்டக்காரன் அல்ல, உடல். கண் கையைப் பார்த்து நீ வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஓர் உறுப்பு வலித்தால் எல்லா உறுப்பும் வலிக்கும். ஓடச் சொன்ன அதே கடிதம் காத்திருக்கச் சொல்கிறது. நாம் ஓடச் சொன்னதை மட்டும் படித்துவிட்டுக் கடிதத்தை மூடி வைத்துவிட்டோம்.

எபிரெயர் பன்னிரண்டாம் அதிகாரத்துக்கும் இதே கதிதான். சாட்சிகளின் மேகம் சூழ்ந்திருக்க, பாரத்தைத் தள்ளிவிட்டுப் பொறுமையோடு ஓடும் அந்தக் காட்சியை எல்லாரும் அறிவோம். அதற்கு ஒரு வசனம் முன்னால் இருப்பதை யாரும் வாசிப்பதில்லை. ஆபிரகாம், சாராள், மோசே, ராகாப் என்று விசுவாச வீரர் வரிசை முழுவதும் வாக்களிக்கப்பட்டதைப் பெறாமலே மரித்தது. நம்மை விட்டுவிட்டு அவர்கள் மட்டும் பூரணமடையக்கூடாது என்பதே கடவுளின் ஏற்பாடு என்கிறது அந்த வசனம். முன்னால் போய்ச் சேர்ந்தவர்களும் கடைசியில் வருகிறவருக்காகக் காத்திருக்கிறார்கள். இப்படியொரு பந்தயத்தை எந்த மைதானத்தில் பார்த்தோம்? அதே அதிகாரம் கொஞ்சம் தள்ளி, தளர்ந்த கைகளையும் தள்ளாடும் முழங்கால்களையும் தூக்கி நிறுத்தச் சொல்கிறது. முடவன் வழி தவறிப் போகாமல் குணமாகும்படி பாதையைச் சமமாக்கச் சொல்கிறது. ஓடுகிறவர்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்கு இட்ட வேலை, நடக்க முடியாதவருக்குப் பாதை போடுவது.

முடித்தவனுக்கே கிரீடம் என்று சொல்லும்போது நம் கண்முன் பெட்டிமுடி வரவேண்டும். 2020 ஆகஸ்ட் 6 இரவு, இராஜமலைக்கு அப்பால் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. எழுபது பேர். அதில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். வெளியுலகத்துக்குச் செய்தி எட்டவே மறுநாள் காலை ஆனது. ஓட்டத்தை முடித்தார் என்ற வசனத்தை அந்தப் பிள்ளைகளின் அடக்கத்தில் எந்த வாயால் சொல்வது? நாலில் ஒரு பங்கு வாழ்வுகூட அவர்கள் ஓடவில்லை. மாரத்தான் இறையியலில் அவர்களுக்கு இடமில்லை. எபிரெயரில் இருக்கிறது. பெறாமல் போனவர்களை விட்டுவிட்டு யாருக்கும் முடிவு இல்லை என்று அது சொல்கிறது. பாதுகாப்பான இடத்தில் பாதுகாப்பான வீடு என்ற கேள்வியை உயிரோடிருப்பவர்கள் தொடர்ந்து கேட்க வேண்டிய கடமையும் அந்த வசனத்துக்குள் அடங்கியிருக்கிறது.

மூணாறு சி.எஸ்.ஐ. கிறிஸ்து நாதர் ஆலயத்தின் கதை மலையில் எல்லாருக்கும் தெரியும். கல்லறை முதலில், கோயில் பிறகு. 1894-ல் காலராவில் இறந்த எலெனர் என்ற இளம் வெள்ளைக்காரப் பெண்ணை அந்தக் குன்றில் அடக்கினார்கள். 1910-ல்தான் கோயிலுக்குக் கல் நாட்டினார்கள். அந்த மண்ணில் இன்றுவரை அடக்க ஆராதனைகளில் அதிகமாகக் காதில் விழுவது இரண்டாம் தீமோத்தேயு நாலாம் அதிகாரத்தின் ஓட்டம்தான். அந்த வசனத்தைச் சொன்னவர் தனியே வென்ற வீரனைப்போல நெஞ்சு நிமிர்த்தி நிற்பதாக நாம் கற்பனை செய்துகொள்கிறோம். அடுத்த வரிகளைப் பாருங்கள். சீக்கிரம் வா என்று தீமோத்தேயுவைக் கூப்பிடுகிறார். குளிர்காலத்துக்கு முன்னே வந்துவிடு என்கிறார். துரோவாவில் கார்ப்புவின் வீட்டில் விட்டுவந்த மேலாடையைக் கேட்கிறார். லூக்கா மட்டும்தான் உடன் இருக்கிறார் என்று வருந்துகிறார். மாற்குவையும் அழைத்து வரச் சொல்கிறார். யார் இந்த மாற்கு? முதல் பயணத்தில் பாதி வழியில் விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பியவன். அதனாலேயே அடுத்த பயணத்தில் பவுல் சேர்த்துக்கொள்ள மறுத்தவன். அந்த மறுப்பால் பர்னபாவோடு பவுல் பிரிந்தே போனார். ஓட்டத்தை முடித்தேன் என்று சொன்ன மனிதர் கடைசியில் தேடுவது, பாதியில் நின்றுபோன ஒருவனை! இந்த வரிகளைச் சேர்த்துப் படித்தால் அடக்க ஆராதனையில் நாம் சொல்ல வேண்டியது வேறு: இவருக்குக் குளிரில் யார் போர்வை கொடுத்தார்கள், இவர் யாருக்குக் கொடுத்தார் என்று சொல்ல வேண்டும்.

வேதம் போகட்டும், ஓட்டமாவது இவர்கள் சொல்கிறபடி இருக்கிறதா? மாரத்தான் என்ற போட்டி பவுலுக்குத் தெரியாது. கிரேக்கர்களின் நீண்ட ஓட்டமே ஐந்து கிலோமீட்டரைத் தாண்டாது. மாரத்தான் 1896-ல் ஏதென்சில் பிறந்தது. அதற்குப் பின்னணியாகச் சொல்லப்படும் கதையில், வெற்றிச் செய்தியைக் கொண்டுவந்த வீரன் சொல்லி முடித்ததும் விழுந்து இறக்கிறான். ஆனால் அது பல நூற்றாண்டு கழித்து எழுதப்பட்ட கதை. பழமையான சாட்சியான ஹெரோடட்டஸ் சொல்வது, ஏதென்சிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிய தூதனைப் பற்றி. அவன் ஓடியது உதவி கேட்க. எங்களால் தனியே முடியாது, வாருங்கள் என்று சொல்வதற்காக ஓடிய ஓட்டத்தின் பெயரில், யாரையும் எதிர்பார்க்காதே என்று நாம் பிரசங்கித்துக்கொண்டிருக்கிறோம்.

1908 லண்டன் ஒலிம்பிக்கில் இத்தாலிக்காரர் டொராண்டோ பியெத்ரி மைதானத்துக்குள் முதலில் வந்தார். வந்தவர் தடுமாறி விழுந்தார். எழுந்தார், மறுபடி விழுந்தார். பொறுக்க முடியாமல் அதிகாரிகள் தூக்கி நிறுத்தி, கோட்டைத் தாண்ட உதவினார்கள். உதவி பெற்றதால் அவருடைய வெற்றி செல்லாது என்று அறிவித்தார்கள். பந்தயத்துக்கு அந்தச் சட்டம் சரிதான். இல்லாவிட்டால் பந்தயமே நடக்காது. சபைக்கு அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? சிலுவைப் பாதையை எண்ணிப் பாருங்கள். பெரிய வெள்ளியன்று இடுக்கி மலைகளில் எத்தனை குருசுமலைகளில் மக்கள் அந்தப் பதினாலு நிலைகளையும் ஏறித் தியானிக்கிறார்கள்! அந்தப் பாதையில் ஆண்டவர் மூன்று முறை விழுகிறார். சிரேனே ஊரானாகிய சீமோன் அவர் சிலுவையைச் சுமக்கிறான். ஒரு பெண் அவர் முகத்தைத் துடைக்கிறாள். உதவி பெற்றவரைத் தள்ளும் சட்டத்தை அந்த வழியில் வைத்தால் முதலில் தள்ளப்படுபவர் அவர்தான். நம் ஆண்டவரே உதவி பெற்று நடந்த வழியில், உதவி வேண்டாத வீரர்களை உருவாக்கப் பார்க்கிறது நம் பிரசங்கம்.

நம் மண்ணின் ஓட்டக்காரர்களையே கேட்போம். இடுக்கி மாவட்டத்து ராஜாக்காட்டுப் பக்கம் பிறந்தவர் பிரீஜா ஸ்ரீதரன். பின்னாளில் பாலக்காட்டில் ரயில்வே ஊழியர். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் பத்தாயிரம் மீட்டரை 31 நிமிடம் 50 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். ஐயாயிரம் மீட்டரில் வெள்ளி. இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் சொந்தமான மகத்தான நெடுந்தூர ஓட்டக்காரி. இளமையில் தந்தையை இழந்த வீடு அது. படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போன அண்ணனின் உழைப்பு அந்த ஓட்டத்துக்கு அடியில் இருக்கிறது. மைதானத்தில் ஓடியவர் ஒருவர். அவரை ஓடவிட்டு நின்றுபோனவர் இன்னொருவர். மாரத்தான் பிரசங்கத்தில் அந்த அண்ணனுக்கு எந்தப் பதக்கமும் இல்லை. சுவிசேஷம் அவரைத்தான் முதலில் தேடும்.

பாலக்காட்டு முண்டூரின் பி.யூ. சித்ரா விவசாயக் கூலிகளின் மகள். 2017 ஜூலையில் புவனேஸ்வரத்தில் நடந்த ஆசியத் தடகளத்தில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் முதலாக வந்தார். ஆசியாவிலேயே முதலாக வந்தும், அடுத்த மாதம் லண்டனில் நடந்த உலகப் போட்டிக்கான இந்திய அணியில் அவர் பெயர் இல்லை. கேரள உயர் நீதிமன்றம் அவரைச் சேர்க்க உத்தரவிட்டது. காலம் கடந்துவிட்டது என்று உலக அமைப்பு ஏற்கவில்லை. நன்றாக ஓடு, மற்றதெல்லாம் தானாக வரும் என்பது பொய் என்று இந்த ஒரு நிகழ்ச்சி போதும் சொல்ல. ஓடி முடித்த பிறகும் பட்டியலை எழுதுகிற கை வேறு எங்கோ இருக்கிறது. அந்தக் கையிடம் நியாயம் கேட்க, ஓடுகிறவளோடு நிற்கும் மனிதர்கள் வேண்டும். 2016 ரியோ மாரத்தானில் வயநாட்டு ஓ.பி. ஜெய்ஷா இலக்கைத் தொட்டதும் சரிந்து விழுந்தார். வழியில் தண்ணீர் கொடுக்க நம் அதிகாரிகள் யாரும் இல்லை என்று அவர் சொன்னார். தடகளக் கூட்டமைப்பு மறுத்தது. எது உண்மையானாலும், நாற்பத்திரண்டு கிலோமீட்டரை எவரும் கால்களால் மட்டும் ஓடுவதில்லை என்பது ஓடுகிற எல்லாருக்கும் தெரியும்.

இதற்கு எதிராக என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அப்படியானால் பொறுமை வேண்டாமா, நிலைத்து நிற்க வேண்டாமா என்பார்கள். வேண்டும். யாக்கோபின் நிருபம் பொறுமையைக் கேட்கிறது. ஆனால் எங்கே வைத்துக் கேட்கிறது? வயலை அறுத்தவர்களின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அந்தக் குரல் கர்த்தரின் காதில் விழுந்துவிட்டது என்று முதலாளிகளைப் பார்த்துச் சொன்ன அடுத்த மூச்சில் கேட்கிறது. அந்தப் பொறுமைக்கு அது தரும் உருவகம், மழைக்குக் காத்திருக்கும் உழவன். முதலாளியை நோக்கிய பாதியை விழுங்கிவிட்டுக் கூலியாளிடம் மட்டும் பொறுமையைக் கேட்பது வேதத்தைப் பிரசங்கிப்பதாகாது.

அவனவன் தன் தன் பாரத்தைச் சுமக்க வேண்டும் என்று கலாத்தியரில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆறாம் அதிகாரம் ஐந்தாம் வசனத்தில். அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனம், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பதே கிறிஸ்துவின் பிரமாணத்தை நிறைவேற்றும் வழி என்கிறது. மற்றவனோடு ஒப்பிட்டுப் பெருமை பேசுகிறவனை அடக்க வந்தது ஐந்தாம் வசனம்; முந்துவது யார் என்று பார்க்கும் ஓட்டக்காரனுக்குத்தான் அது கடிவாளம்.

உருவகத்தை இவ்வளவு நெருக்கிப் பிடிக்க வேண்டுமா என்றும் கேட்பார்கள். சிலை செய்யாத மதம் தன் சொற்களால்தான் மனிதர்களைச் செய்கிறது. வாரம் தவறாமல் ஓட்டத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, பின்தங்கியவனைப் பார்த்து நின்றால் தானும் தோற்றுவிடுவோம் என்று பயப்படக் கற்றுக்கொள்கிறது. எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் விலகிப்போன ஆசாரியனும் லேவியனும் தங்கள் தடத்தை விட்டு விலகாதவர்கள்தான். சமாரியன் பயணத்தை நிறுத்தினான்.

ஆண்டவரின் வழியும் அதுவே. யவீருவின் மகள் சாகக் கிடக்கிறாள் என்ற அவசரத்தில் போகும்போது, பன்னிரண்டு ஆண்டு இரத்தப் போக்கால் வாடிய ஒரு பெண்ணுக்காக நடுவழியில் நின்றார். எருசலேமுக்குப் போகிற கடைசிப் பயணத்தில், எரிகோவில் கத்திக் கூப்பிட்ட பர்திமேயுவுக்காக நின்றார். அவனைச் சும்மா இருக்கச் சொல்லி அதட்டியவர்கள் வேகமாகப் போய்க்கொண்டிருந்த கூட்டத்தார். அவர் சொன்ன கதைகளில் ஒரு தகப்பன் ஓடுகிறான். எதை நோக்கி? எல்லாவற்றையும் தொலைத்துவிட்டுக் கடைசியாக வருகிற மகனை நோக்கி. திராட்சத் தோட்டக் கதையில் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் அதே கூலி. காலையிலிருந்து வெயிலில் வெந்தவர்கள் முறுமுறுத்தார்கள் என்றால், அவர்கள் அதைப் பந்தயமாக நினைத்துக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

உருவகம் வேண்டுமென்றால் நம் சாலையிலேயே இருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கும் கூட்டங்களைப் பாருங்கள். கால் கொப்பளித்தவருக்காக முன்னால் போனவர்கள் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். வழியெல்லாம் சாதி மதம் கேட்காமல் யாரோ தண்ணீர்ப் பந்தல் வைத்திருப்பார்கள். முதலில் வந்து சேர்ந்தது யார் என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. செப்டம்பர் 8 எல்லாருக்கும் ஒரே திருநாள்.

ஆகவே மலைச் சபைகளின் போதகர்களிடமும் மூப்பர்களிடமும் நான் கேட்பது இதுதான். ஒன்பதாம் அதிகாரத்தைப் பிரசங்கித்தால் முதல் வசனத்திலிருந்து பிரசங்கியுங்கள். கூலியைப் பற்றி பவுல் சொன்னதைச் சொல்லிவிட்டு ஓட்டத்துக்கு வாருங்கள். பந்தி ஆராதனையன்று பதினோராம் அதிகாரத்தை முழுதாக வாசியுங்கள். ஒருவர் மூன்று ஞாயிறு வரவில்லையென்றால் அவர் பெயருக்கு முன்னால் பட்டம் ஒட்டாமல் அவர் லயத்துக்கு நடந்து போங்கள். வேலைக்காலம் முடிந்து வீடின்றி நிற்கும் முதியவர்களின் இருப்பிடப் பிரச்சினையைச் சபைக் கமிட்டியின் முதல் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். கோயில் வண்ணப்பூச்சு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகட்டும். கூலி கேட்டுச் சாலையில் உட்காரும் பெண்களை அரசியல் என்று ஒதுக்காதீர்கள். 2015-ல் ஒருத்திக்காக ஒருத்தி வேலையை நிறுத்தி அவர்கள் செய்தது, கொரிந்துச் சபை செய்யத் தவறிய காரியம். சகோதரிகளே, களைத்துப்போயிருக்கிறேன் என்று சபையில் எழுந்து சொல்வது பாவம் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். அதைச் சொல்ல முடியாத இடத்துக்குக் கிறிஸ்துவின் சபை என்று பெயர் வைக்க நமக்கு உரிமை இல்லை.